முதுகில் ஜன்னல் இல்லாத வண்டி

காய்கறிச் சந்தையின் பின்சுவரோரம் விடிவதற்கு முன்பு குவிந்து கிடப்பதைக் குப்பை என்று சொன்னால் அதற்கே கோபம் வரும். அது மலை. அழுகின தக்காளி, வாழைத்தார்க் காம்பு, கம்பத்துத் திராட்சைச் சக்கை, முட்டைக்கோசின் மேல்தோல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்று, மேகமலையைப் பார்த்து ‘நீ பெரியவனா, நான் பெரியவனா’ என்று கேட்கும். அந்த வாடைக்கு, மாதக்கணக்கில் ஜலதோஷம் பிடித்து அடைத்த மூக்குகூட மரியாதையாகத் திறந்துகொள்ளும்.

அந்த மலையை ஊர் கண் விழிப்பதற்குள் கரைத்தாக வேண்டும். அள்ளிப் போடுவது வேல்பாண்டி. லாரியில் ஏற்றிக்கொண்டு போவது சுருளிராஜன். வேல்பாண்டி இரும்பு முள்ளால் குத்தித் தகரத் தொட்டியை நிரப்பி, தோளுக்குத் தூக்கி, லாரியின் பின்வாயில் கவிழ்ப்பான். கவிழ்க்கும்போது குப்பைத் தண்ணீர் முழங்கை வழியாக ஓடி, அக்குளில் புகுந்து, இடுப்பில் இறங்கும்.

“மாப்ள, இன்னைக்கு எனக்குத் திராட்சரசத்துல அபிசேகம்டா” என்பான். நான்கு தெரு தள்ளித் தூங்குகிறவனும் அதைக் கேட்டு ஒருமுறை புரண்டு படுப்பான். அப்படியொரு குரல்.

இருவரும் பல வருஷம் ஓட்டிய பழைய லாரியில் இடப்பக்கக் கதவு கயிற்றால் கட்டியிருக்கும். பிரேக் பிடித்தால் லாரி யோசித்துப் பார்த்துத்தான் நிற்கும். ஆனால் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி போன ஒரு ஜன்னல் இருந்தது. அந்த ஓட்டைதான் இருவருக்கும் டீக்கடை, தபாலாபீஸ், கோயில் எல்லாம். வேல்பாண்டி அதில் தலையை விட்டுப் பீடிக்கு நெருப்புக் கேட்பான். பெண்டாட்டி மாரீஸ்வரி வைத்த கருவாட்டுக் குழம்பின் பெருமையை ஆண்டிபட்டிக் கணவாய் வரைக்கும் இழுத்துச் சொல்வான். வண்டியை நகர்த்துவதற்கு மட்டும் பேச்சு கிடையாது, தட்டுத்தான். தகரத்தில் கையால் ஒரு தட்டு என்றால் நில். இரண்டு என்றால் போ. மூன்று என்றால் பின்னால் வா. மூன்று தட்டுகிறவன் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றுகொண்டுதான் தட்டுவான். அது எழுதாத சட்டம்.

பிறகு புது லாரி வந்தது. ஒப்பந்தக்காரர் ஈஸ்வரபாண்டி அதற்குப் போட்ட மாலையில் மூன்று கல்யாணம் நடத்தியிருக்கலாம். உடைத்த பூசணிக்காயின் விதை தெறித்துப் போய் போடியில் முளைத்ததாகப் பேச்சு.

“குப்பய அமுக்கி அமுக்கித் திங்கிற வண்டிடா. ஏசி கேபினு. கலெக்டரு காருலகூட இப்படி சீட்டு கெடையாது” என்றார்.

சுருளிராஜன் ஏறினான். ஏறுவதே ஒரு பிழைப்பு. முதல் படி நெஞ்சுக்கு நேராக இருந்தது. பனையேறுகிறவன் மாதிரி கம்பியைக் கட்டிப்பிடித்து உள்ளே விழுந்தால், சீட்டு ஆறரையடி ஆளுக்கு அளந்து செய்தது. சுருளிராஜனுக்குக் கால் எட்டினால் கண் எட்டவில்லை. கண் எட்டினால் கால் எட்டவில்லை. சாக்கை மடித்துக் கீழே ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று முட்டுக் கொடுத்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்தான். இடப்பக்கக் கண்ணாடி தென்னை மட்டையையும் வானத்தையும் அழகாகக் காட்டியது; தரையில் நடக்கிற மனிதனைக் காட்டவில்லை. ஏசியில் இரைச்சல் வந்தது, குளிர் வரவில்லை. ஜன்னலை இறக்கினாலோ அமுக்கும் இயந்திரம் பீய்ச்சுகிற சாக்கடை நேராக வாய்க்கு வந்தது. அதனால் ஏற்றிவிட்டே ஓட்ட வேண்டும். முதுகுப்புறம் ஜன்னலே இல்லை, முழு இரும்பு. பின்னால் நடப்பதைக் காட்டும் கேமராத் திரைக்குச் சதுரமாக ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. பின்னால் நிற்கிற ஆள் அமுக்கினால் உள்ளே அடிக்கிற மணிக்கு ஒயர் மட்டும் தொங்கியது. அதையெல்லாம் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டுமாம்.

“மொதலாளி, பின்னால என்ன நடக்குன்னே தெரியல. அந்த மணியவாவது பூட்டிக் குடுங்க.”

“ஏலே, குப்ப வண்டிக்கு மணி எதுக்கு? கோயிலா கட்டி வச்சிருக்கேன்? பின்னால என்ன, நாட்டியமா நடக்கப் போகுது?”

நின்றவர்கள் சிரித்தார்கள். சுருளிராஜனும் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் பிறகு தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

மிச்சமிருந்தது தட்டு ஒன்றுதான். அதுவும் இரும்புச் சுவருக்கு இந்தப் பக்கம், அமுக்கும் இயந்திரத்தின் ஊளைக்கு நடுவில், கிணற்றுக்குள் கல் விழுந்தது மாதிரிக் கேட்டது. காதால் கேட்பதைவிட, சீட்டு வழியாக முதுகெலும்பில் வாங்குவதுதான் அதிகம்.

அன்றைக்கு வியாழக்கிழமை. மழை விட்டிருந்தது. வாழைமட்டைச் சகதி தொட்டியின் அடியில் பசையாக ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. வேல்பாண்டி தொட்டியை லாரியின் பின்வாய் விளிம்பில் ஓங்கி அடித்தான். டம். டம். டம். சகதி விழுந்தது.

உள்ளே சுருளிராஜனின் முதுகெலும்பில் மூன்று தட்டு விழுந்தது.

பின்னால் வரச் சொல்கிறான் என்று ரிவர்ஸ் போட்டான். மூன்று தட்டினவன் ஒதுங்கியிருப்பான் என்று நம்பி, சாவகாசமாகத்தான் வந்தான். லாரிக்குப் பின்னால் வேல்பாண்டி நின்றான். வேல்பாண்டிக்குப் பின்னால் சந்தைச் சுவர் நின்றது. ‘நில்’ என்று ஒற்றைத் தட்டு வந்ததா? வந்திருக்கலாம். சந்தை வாசலில் டீக்கடை போட்டிருந்தவர் வண்டிக்கு முன்னால் ஓடி வந்து இரண்டு கையையும் ஆட்டிய பிறகுதான் சுருளிராஜன் நிறுத்தினான். அந்தக் குரலுக்கு நான்கு தெரு புரண்டு படுக்கும். இருபது அடி தள்ளி உட்கார்ந்திருந்தவனுக்கு அது எட்டவில்லை.

பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வேல்பாண்டி ஒன்றே ஒன்று பேசினான்.

“மாப்ள, தொட்டி காலியாயிருச்சுடா.”

போலீசார் சுருளிராஜன்மேல் வழக்குப் போட்டு ஜாமீனில் விட்டார்கள். அடக்கத்துக்குப் போனவன் தெருமுனையைத் தாண்டவில்லை. அண்ணே அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிடுகிற மாரீஸ்வரி அன்றைக்கு அவன் நின்ற பக்கம் நிமிரவில்லை. அவள் பார்த்து வைதிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

மூன்றாம் நாள் காலையில் ஈஸ்வரபாண்டி அவனை யார்டுக்கு வரச் சொன்னார். லாரியைக் கழுவி நிறுத்தியிருந்தார்கள். பொட்டுக்கூட வைத்திருந்தார்கள்.

“சுருளி, நடந்தது நடந்துபோச்சு. நான் சொல்றத அப்படியே ஸ்டேஷன்ல சொல்லு. வேல்பாண்டி குடிச்சுப்புட்டு வண்டிக்குப் பின்னால விழுந்து கெடந்தான். நீ பாக்கல. நீயும் ஜெயிலுக்குப் போக வேணாம். வண்டியும் இன்னைக்கே ஓடும்.”

“அவன் குடிச்சிருக்கல மொதலாளி.”

“குடிக்கவே மாட்டானா? ஊருக்கே தெரியும்டா.”

“குடிப்பான். ஞாயித்துக்கெழம குடிச்சான்னா அவன் பேசுற இங்கிலீசுக்கு வெள்ளக்காரனே கப்பலேறி ஓடுவான். அன்னைக்கு வியாழன்.”

“கெழமையா எண்ணுற? அப்பச் சரி, நீ பாக்காம ஓட்டிக் கொன்னன்னு சொல்லிருவமா? ரெண்டுல ஒண்ணுதான் இருக்கு. வண்டி மேல குத்தமில்ல. வண்டி புதுசு.”

சுருளிராஜன் தன் கையைப் பார்த்தான். கியர் போட்ட கை. மூன்று நாளாக அந்தக் கையால் சோறு அள்ள முடியவில்லை, கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தான்.

“அப்ப ரெண்டாவதயே சொல்லிருங்க மொதலாளி. செத்தவனக் குடிகாரனாக்க என்னால ஆகாது.”

“பைத்தியக்காரா” என்று ஈஸ்வரபாண்டி ஆரம்பிப்பதற்குள் கேட் திறந்தது.

உள்ளே பேசியதெல்லாம் வெளியே கேட்டிருந்தது. மாரீஸ்வரி வந்தாள். கூடத் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்துக் கிருபாவதி. பின்னால் தெருக்கூட்டுகிற பெண்கள் விளக்குமாறோடும், பேட்டரி வண்டி ஓட்டுகிற கார்த்திக்ராஜ் முதலான டிரைவர்களும். கருமாதிகூட முடியாமல் தாலியறுத்தவள் படி தாண்டலாமா என்று தெருவில் இரண்டு பேர் கேட்டார்களாம். “நீங்க குப்பய வாசல்ல கொட்டுறப்ப நாளு பாத்தா கொட்டுறீக?” என்று கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஈஸ்வரபாண்டி முகத்தைச் சோகமாக்கினார். “வாத்தா. நானே ஆள் அனுப்பணும்னு இருந்தேன்.”

அவள் அவரைப் பார்க்கவில்லை. “எது அந்த வண்டி?”

யாரும் கை காட்டவில்லை. அவளே கண்டுகொண்டாள். நெஞ்சுயரப் படியில் கால் எட்டாமல் இரண்டு தரம் சறுக்கினாள். சுருளிராஜன் ஓடிப்போய்த் தரையில் மண்டியிட்டு முதுகைக் கொடுத்தான். ஒரு நொடி நின்றுவிட்டு, அவன் முதுகில் கால் வைத்து ஏறினாள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். அந்தச் சீட்டில் அவள், பெரிய பானைக்குள் விழுந்த எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தாள்.

“அண்ணே, எஞ்சினப் போடுங்க. அன்னைக்கு எதெது ஓடுச்சோ எல்லாத்தயும் போடுங்க. கதவச் சாத்துங்க.”

சுருளிராஜன் படியில் தொற்றிக்கொண்டு கை நீட்டிச் சாவியைத் திருகினான். எஞ்சின் இரைந்தது, அமுக்கும் இயந்திரம் ஊளையிட்டது. இடப்பக்கக் கதவு வழியாக உள்ளே போய் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தான். கதவு சாத்திக்கொண்டது.

பின்னால் கார்த்திக்ராஜ், பேசி வைத்தபடி, கையால் மூன்று தட்டினான். பிறகு தகரத் தொட்டியை எடுத்து விளிம்பில் மூன்று அடி அடித்தான். பிறகு மாற்றி மாற்றி, முறையில்லாமல்.

மாரீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள், தென்னை தெரிந்தது. திரும்பி இரும்புச் சுவரைத் தொட்டாள்.

“எது கையி, எது தொட்டி அண்ணே?”

“தெரியலத்தா.”

“எனக்கும் தெரியல.”

இயந்திரம் ஊளையிட்டுக்கொண்டே இருந்தது.

“அன்னைக்கு ஒங்களுக்கு என்ன கேட்டுச்சு?”

சுருளிராஜனுக்கு உதடு கோணிக்கொண்டு போனது. “அவன் என்னயக் கூப்புட்டது மாதிரித்தான் கேட்டுச்சுத்தா. வாடா மாப்ளன்னு. அதான் போனேன்.”

அவள் அழுதாள். அவனும் அழுதான். ஊரில் அவ்வளவு சத்தமாக இரண்டு பேர் அழுதது கிடையாது. ஆனாலும் வெளியே ஆறடி தள்ளி நின்ற ஒருவருக்கும் அது கேட்கவில்லை. கேபின் அவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருந்தது.

கதவைத் திறந்தபோது ஈஸ்வரபாண்டி கேட்டார்: “என்னத்தா, நாடகமா போடுறீக?”

“நீங்க ஒருவாட்டி ஏறி உக்காருங்க மொதலாளி. நாங்க பின்னால தட்டுறோம். எது கையின்னு சொல்லிட்டீகன்னா, எம் புருசன் குடிச்சிருந்தாகன்னு நானே ஸ்டேஷன்ல வந்து சொல்றேன்.”

ஈஸ்வரபாண்டி லாரியைப் பார்த்தார். படியைப் பார்த்தார். தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். “எனக்கென்ன தலையெழுத்தா?”

“எங்களுக்கு அதான தலையெழுத்து” என்றாள் கிருபாவதி. “ரெண்டுல ஒண்ணுன்னு இவருகிட்டச் சொன்னீகள்ல. மூணாவது ஒண்ணு இருக்கு. வண்டி. பின்னாலயும் பக்கத்துலயும் கண்ணு வைங்க, மணி வைங்க, எல்லா வண்டிக்கும். வேல்பாண்டியண்ணன் குடிச்சிருந்தாகங்கிற பேச்ச எடுக்கக் கூடாது. கேசு தனியா இவரு தலையில விழக் கூடாது. அதுவரைக்கும் ஒரு சாவியும் திரும்பாது.”

“ரெண்டு நாள்ல ஊரே நாறும். பழி ஒங்க மேலதான் வரும்.”

“நாத்தம் எங்களுக்குப் புதுசில்ல மொதலாளி” என்றான் கார்த்திக்ராஜ். “ஒங்களுக்குத்தான் அறிமுகப்படுத்தி வைக்கணும்.”

அவர்கள் லாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். மாரீஸ்வரி நடுவில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். சுருளிராஜன் வந்து உட்கார்ந்தான். மூன்று நாளில் அன்றைக்குத்தான் அவன் முழுதாக மூச்சு விட்டான். விட்ட மூச்சில் எதிரே இருந்த வேப்பமரம் ஆடியது.

ஈஸ்வரபாண்டி போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி லோயர் கேம்ப்புக்குப் பேசினார். அங்கே வேலையில்லாமல் இருந்த ஒரு டிரைவரை உடனே பஸ் ஏறி வரச் சொன்னார். பிறகு போலீசுக்கும் பேசினார். வெயில் ஏறியது. சந்தைப் பக்கமிருந்து முதல் வாடை கிளம்பி, தயங்காமல் யார்டுக்குள் வந்தது.

உச்சிவேளைக்கு அந்த டிரைவர் வந்து சேர்ந்தான். ஜஸ்டின் என்று பெயர். கையில் துணிப்பை, அதில் சோற்று டப்பா. முகத்தில் பல மாதத்துக் கடன்காரக் களை. ஈஸ்வரபாண்டி குடையோடு எழுந்து வந்தார்.

“வாப்பா. வண்டி அந்தா நிக்குது. இவங்களச் சுத்திப் போயி ஏறிக்க. போலீசு வந்துக்கிட்டு இருக்கு.”

ஜஸ்டின் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. கார்த்திக்ராஜ் நடந்ததை நாலே வரியில் சொன்னான். ஜஸ்டின் லாரியைச் சுற்றி வந்தான். முதல் படியில் ஒரு காலை வைத்து, எம்பி, உள்ளே எட்டிப் பார்த்தான். வெகுநேரம் அப்படியே தொங்கினான். பிறகு இறங்கி, பையைத் தோளிலிருந்து எடுத்தான்.

“எங்கன உக்காரணும்?”

“சீட்டுலதாம்ப்பா, வேற எங்க?” என்றார் ஈஸ்வரபாண்டி.

“ஒங்களக் கேக்கல மொதலாளி.”

சுருளிராஜன் நகர்ந்து இடம் விட்டான்.