மருமகள் சொன்ன கடல்

கண்டியிலிருந்து கடலுக்குப் போவதென்றால் எந்தத் திசையில் காரைத் திருப்பினாலும் மூன்று நாலு மணித்தியாலமாவது ஓடவேண்டும். ஊர் மலைக்கு நடுவில் இருக்கிறது, யாரைக் குறை சொல்வது? ஆனால் எங்கள் வீட்டில் அந்த ஓட்டத்தை விட, எந்தப் பக்கம் ஓடுவது என்ற பேச்சுத்தான் நீளமாக ஓடியது. மூன்று கிழமை, இருபத்தொரு நாளும் ஓடியது.

மாமனார் தங்கராசா தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் திருகோணமலைக் கடல். மாமியார் அன்னப்பூரணிக்கு நீர்கொழும்பு, அதுவும் காலையில் போய் மாலையில் திரும்பினால் போதும். கம்பசில் படிக்கும் மச்சாள் பிரஷாந்திக்கு அறுகம்பே, ஏனென்றால் அவளுடைய சிநேகிதிகள் எல்லோரும் அங்கே போய்ப் படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். என் கணவன் சதீசன், "எங்கன்னாலும் சரி" என்றான். முப்பத்திரண்டு வயது வரைக்கும் அந்த வீட்டில் அடிபடாமல் வளர்ந்த ரகசியமே அந்த வசனம்தான்.

என்னை யாரும் கேட்கவில்லை. நான் அந்த வீட்டுக்கு வந்து பதினான்கு மாதம். அதற்குள் என் அபிப்பிராயத்தை இரண்டு தடவை கேட்டிருக்கிறார்கள். ஒருமுறை குழம்பில் உப்புச் சரியா என்று, இன்னொருமுறை குடை எங்கே வைத்தாய் என்று.

எங்கள் மட்டக்களப்பில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் எந்தத் தாயும் கண்ணை மூடமாட்டாள். என் அம்மா சீனிப்பிள்ளையும் எங்கள் ஊரான பழுகாமத்தில் எனக்கென்று ஒரு வீடு கட்டி வைத்திருந்தா. ஆனால் சதீசனுக்கு வங்கி வேலை கண்டியில், எனக்கும் அங்கேயே ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. ஆகவே நான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். "இதென்ன புள்ள தலைகீழ்க் கூத்து" என்று ஊரில் வாயில் விரலை வைத்தார்கள்.

போன இடத்தில் மாமியார் என்னை அடுப்படிக்குள் விடவில்லை. தேத்தண்ணீரைத் தட்டத்தில் வைத்துக் கொண்டுவந்து தருவார். நான் துடைப்பத்தைத் தொட்டால் பாய்ந்து வந்து வாங்கிக்கொள்வார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எனக்குப் பதினான்கு மாதமாக விருந்து. இவள் நம் வீட்டாள் இல்லை என்பதை இதைவிட நாகரிகமாக யாரும் சொல்லமுடியாது என்று நினைத்து, குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

அப்படியிருக்கும்போது ஒருநாள் சாப்பாட்டு மேசையில், சண்டை முற்றிப்போய், மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா வதனி, நீ மட்டக்களப்புக்காரிதானே? ஒனக்கு கடலப் பத்தி நல்லாத் தெரியுமே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதினான்கு மாதத்தில் முதல் தடவை.

"ஓம் மாமா," என்றேன். "நான் கடலுக்கதானே விளையாடி வளந்தனான்."

முழுப் பொய். எங்கள் மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரை. சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, அங்கேதான் கடல். சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை, அங்கே வயல். பழுகாமம் படுவான்கரை. கடல் எங்களுக்கு ஏழெட்டு மைல்தான், ஆனால் வாவியும், வட்டை என்கிற வயல்வெளியும், மாடும் விட்டு அங்கே போக எங்களுக்கு என்ன வேலை? நான் கடலை முதன்முதலில் பார்த்தது ஒன்பதாம் வகுப்புப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில். காலில் கிடந்த சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அப்ப நீயே சொல்லு. எங்க போறது? எப்ப போறது?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஆனால் பின்வாங்க மனம் வரவில்லை. அந்த வீட்டில் என் சொல்லும் ஒரு சொல்லாக வேண்டும் என்ற ஆசை அவ்வளவு. "மட்டக்களப்பில கல்லடிக் கடலுக்குப் போவம்," என்றேன். "பொங்கல் கழிஞ்சு வாற லீவுக்கு. மழையும் விட்டிடும், எல்லாம் பச்சையாக் கிடக்கும்."

மாமனார் மேசையில் தட்டினார். தீர்ப்பு முடிந்தது. மாமியார் மட்டும் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

"மட்டக்களப்பா? எத்தன நாளு?"

"ரெண்டு நாள் மாமி."

"ரெண்டு நாளுதானே?"

அதற்குப் பிறகு அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. மகனுடைய பையை அவரே அடுக்கினார். இரண்டு சட்டை, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. சதீசன் இன்னொரு சட்டையை எடுத்து வைத்தபோது அதை வெளியே எடுத்துவிட்டார். என் பேச்சு எடுபட்டது அவருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்கு விளங்கியது. அதனால் அம்மா வீட்டுக்கும் ஒரு நடை போவோம் என்று நான் வாயே திறக்கவில்லை. அதற்காகத்தான் மட்டக்களப்பு என்றாள் என்று வந்துவிடும்.

விடியவே புறப்பட்டோம். மகியங்கனைக்கு இறங்கும் மலைப்பாதையின் பதினெட்டு வளைவில் பிரஷாந்தி இரண்டு தடவை வாந்தியெடுத்தாள். மாமனார் முன் ஆசனத்தில் புது நீல அரைக்காற்சட்டையோடு உட்கார்ந்திருந்தார். கடலில் இறங்கவென்றே வாங்கியது, விலைத்துண்டு இன்னும் தொங்கியது. செங்கலடியில் திரும்பியதும் வயல் தெரிந்தது. மழை விட்டிருந்தது, நெல் கதிர் தள்ளியிருந்தது. நான் சொன்னபடியே எல்லாம் பச்சை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

கல்லடிப் பாலம் தாண்டி, கடற்கரையில் இறங்கினோம். இறங்குவதற்கு முன்பே சத்தம் கேட்டது.

கடல் மண்ணிறத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. ஆளுயர அலை வந்து கரையை அறைந்துவிட்டுக் கற்களையும் குப்பையையும் இழுத்துக்கொண்டு போயிற்று. சிவப்புக் கொடி படபடத்தது. தோணிகளை எல்லாம் மேலே ஏற்றிக் கட்டியிருந்தார்கள். தண்ணீரில் ஓர் ஆள் இல்லை, ஒரு நாய்கூட இல்லை.

தோணி நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் போய் மெல்லக் கேட்டேன். "அண்ணன், கடல் எப்ப அடங்கும்?"

"மாசி கழியணும் தங்கச்சி. சித்திரைக்கு வந்தா குளம் மாதிரிக் கிடக்கும். இப்ப நாங்களே இறங்கிறல்ல." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எந்த ஊர்?"

"பழுகாமம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "படுவான்கரையா? அதான! வட்டையில மழை விட்டா கடலும் படுத்திடும் எண்டு நினைச்சிட்டிங்க. அது வேற கணக்கு, இது வேற கணக்கு தங்கச்சி!"

திரும்பினால், நால்வரும் எனக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

"அண்ணி," என்றாள் பிரஷாந்தி, "நீங்க கடல்லயே வெளையாடி வளந்தவங்கன்னு சொன்னீங்களே?"

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பது சரிதான். இனி அந்த வீட்டில் உப்புக்கூட என்னைக் கேட்கமாட்டார்கள். காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. ஒளிக்க இடமில்லை, சொல்லிவிட்டேன்.

"இல்ல. நான் கடலில ஒருநாளும் குளிச்சதில்ல. எனக்கு நீந்தவும் தெரியா. நீங்க கேட்டிங்க, ஆசையில சொல்லிப்போட்டன். எங்களுக்குத் தெரிஞ்சது வயலும் வாவியும்தான். மன்னிச்சுக்கங்க."

மாமியார் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பாடா!" என்றார். "அப்ப யாரும் எறங்க வேணாமில்ல?"

"என்னம்மா?" என்றான் சதீசன்.

"மூணு நாளா ஒழுங்கா தூக்கமில்லடா. தண்ணி என்ன இழுத்துட்டுப் போற மாதிரியே கனவு. சொன்னா சிரிப்பீங்கன்னு சும்மா இருந்தேன்."

மாமனார் தன் நீலக் காற்சட்டையைக் குனிந்து பார்த்தார். "எனக்கு மட்டும் நீச்சல் தெரியுமாக்கும்? வாங்கினதுக்குப் போட்டுட்டு வந்தேன்." பிரஷாந்திக்குப் படம் எடுத்தால் போதுமாம், முழங்காலுக்கு மேல் நனைவதாக அவளுக்கு உத்தேசமே இல்லையாம். சதீசனிடம் கேட்டோம். "எனக்கு எங்கன்னாலும் சரி," என்றான். அவன் தங்கை அவன் முதுகில் ஒன்று வைத்தாள். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று ஐந்து பேரும் அந்தப் பேயலைக்கு முன்னால் நின்று சிரித்தோம்.

"சரி, வந்தது வந்தாச்சு," என்றார் மாமனார். "அலை இல்லாத தண்ணி எங்கயாவது இருக்காம்மா? இந்தத் தடவ உண்மைய சொல்லு."

"இருக்கு மாமா. எங்கட ஊர் வாவித் துறையில. முழங்காலளவுதான், அடியில மணல்."

மாமியாரின் சிரிப்பு சட்டென்று நின்றதை நான் கவனித்தேன். ஆனால் அதற்குள் எல்லோரும் காரில் ஏறிவிட்டார்கள்.

பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து பழுகாமத்துக்குப் போனோம். எனக்கென்று கட்டிய அந்த வீட்டில்தான் அம்மா இருந்தா. சொல்லாமல் கொள்ளாமல் போனதில் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வாங்க, உள்ளுக்கு வாங்க, இருங்க" என்று ஒரே வசனத்தைப் பத்துத் தடவை சொன்னா. வாவி இறாலைப் பொரித்து, முருங்கையிலைச் சுண்டலோடு சோறு போட்டா. மாமனார் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். மாமியார் மட்டும் சாப்பிட்ட கையோடு எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். புதுச் சீமெந்துத் தரையும் கட்டிலும் போட்ட ஓர் அறைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இது யாரு ரூம்?"

"இதா? வதனிக்கும் மாப்பிள்ளைத் தம்பிக்கும் எண்டு போட்டது," என்றா அம்மா, பெருமையாக.

மாமியார் அந்தக் கட்டிலை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

வெயில் சாய்ந்ததும் துறைக்குப் போனோம். மாரி வெள்ளம் வடிந்து வாவி விரிந்து கிடந்தது, ஆனால் துறையில் தண்ணீர் அசையவேயில்லை. மாமனார் கரையோரத் தண்ணீருக்குள் சப்பாணி கட்டி உட்கார்ந்து, ஒருவழியாகத் தன் காற்சட்டையை நனைத்தார். சதீசனும் தங்கையும் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் அடித்தார்கள். மாமியார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் மணிக்கட்டை இறுகப் பிடித்தபடி அடி அடியாக வந்தார். முழங்கால் நனைந்ததும் நின்றார்.

"இதுக்கு மேல ஆழமா?"

"இல்ல மாமி. இதுதான்."

நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு, தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார். "வதனி, இன்னிக்கு மாதிரியே உண்மைய சொல்லணும். நம்ம வீட்டுல ஒனக்கு வேற என்ன பயம்?"

ஒருநாளில் ஒரு தடவை உண்மை சொன்னால் இரண்டாவது தடவை அவ்வளவு கஷ்டமில்லை.

"உங்களத்தான் மாமி."

அவர் கை இன்னும் இறுகியது. கோபித்துவிட்டார் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் கண் கலங்கியிருக்கிறது.

"எனக்கும் ஒன்னத்தான்," என்றார். "கல்யாணத்தன்னிக்கே ஒருத்தி சொல்லிட்டா, இந்த ஊர்ல மாப்பிள்ளதான் பொண்ணு வீட்டுக்குப் போவான்னு. ஒரு கஷ்டம்னு ஒனக்குத் தோணுச்சுன்னா அவனையும் கூட்டிட்டு இங்க வந்துருவியேன்னு ஒரு வேலையும் செய்ய விடல. துடைப்பத்தக்கூடத் தொட விடல. நீ மட்டக்களப்புன்னதும் எனக்கு உசிரே இல்ல. பையில ரெண்டு சட்டதான் வச்சேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பதினான்கு மாதம் தட்டத்தில் வந்த தேத்தண்ணீரெல்லாம் எனக்குக் கொடுத்த கப்பம் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

"மாமி, அந்த அறை லீவுக்கு வந்து படுக்கத்தான். என்ட வேலையும் கண்டியில, வீடும் கண்டியிலதான். ஆனா ஒண்டு சொல்றன். இனியும் என்ன விருந்தாளி மாதிரி வெச்சிருந்தா, அப்ப உண்மையாவே ஓடி வந்திடுவன்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப நீயே சமைப்பியா?"

"ஓம் மாமி."

"உப்பு மட்டும் நான் போடுறேன்," என்றார். பிறகு என் கையை விட்டுவிட்டு, தனியாகவே இன்னும் இரண்டு அடி முன்னால் போய், மகனைப் பார்த்துக் கத்தினார். "டேய் சதீசா! நாளைக்குப் போறப்ப மீனு வாங்கணும், ஐஸ் பெட்டி ஒண்ணு தேடு. நம்ம வீட்டுல வதனி சமைக்கப் போறா."