பின்பக்க இடது ஸ்பீக்கர்

டி.வி.க்கு அடியில் வைக்கிற நீளமான ஒற்றைப் பெட்டி, அவ்வளவுதான் சவுண்ட்பார். அதில் மூன்றை வரிசையாக வைத்து, "எது சார் பிடிச்சிருக்கு?" என்று கடைக்காரப் பெண் கேட்டபோது, மெக்கானிக் தன் வழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டார்.

பதினெட்டு வருடமாகக் கூடத்தில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் வைத்து ஆண்டவர் அவர். பெருக்கும்போதெல்லாம் வயரில் கால் தடுக்கி மனைவி அவருடைய பரம்பரையையே வாழ்த்துவாள், மனிதர் அசைந்ததில்லை. போன மாதம் பின்பக்க இடது ஸ்பீக்கர் காலை வாரியது, மெல்லிசான சத்தமெல்லாம் அதில் காணாமல் போயிற்று. வயரை மாற்றினார், பெட்டியைப் பிரித்து மூடினார், ஊஹூம். "நல்லாத்தானேங்க கேக்குது" என்றாள் மனைவி. "உனக்கு எல்லாமே நல்லாத்தான் கேக்கும்" என்று அவள் வாயை அடைத்தார். பிறகு வீம்பாக ஐந்தையும் கழற்றிப் பரணில் போட்டார். அவளுக்கு நம்பவே முடியவில்லை.

பட்டறையில் அவருக்குப் பெயரே பாம்புக்காதுதான். வண்டி வாசலில் நுழையும்போதே அதற்கு எங்கே வலி என்று சொல்லிவிடுவார். சந்தேகம் வந்தால் நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்பார். கழற்றிப் பார்ப்பதெல்லாம் காது இல்லாதவன் வேலை என்பார். அவர் காதில் பூச்சுற்ற ஒருத்தன் இன்னும் பிறக்கவில்லை என்று முதலாளியே சொல்லிச் சொல்லி வாடிக்கையாளர்களைப் பிடித்தார்.

கடைக்காரப் பெண் ஒரு காட்டு வீடியோவைப் போட்டாள். ஓடைத் தண்ணீர் நன்றாகவே காதில் விழுந்தது. மனைவி அவர் கையைத் தொட்டாள்.

"அந்தக் குருவி கத்துறதக் கேளுங்களேன். பக்கத்துலயே இருக்கிற மாதிரி."

அவர் கண்ணைத் திறந்தார். திரையில் ஒரு சின்னப் பறவை கிளையில் உட்கார்ந்து, அலகைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஏத்தும்மா" என்றார்.

ஏற்றினாள். ஓடை இரைந்தது. "போதும், காது கிழியுது" என்று மனைவி காதைப் பொத்தினாள். பறவை வாயை மட்டும் அசைத்தது.

ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அடுத்த நொடியே நர்ஸம்மாவின் வண்டி ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை கொண்டுவந்திருந்தாள். பிரேக் பிடித்தால் மெல்லிசாகக் கீச்சென்று ஒரு சத்தம் வருகிறது என்றாள். பிரேக் கட்டை தேய்ந்து தீரும்போது வருகிற சத்தம் அது, பட்டறையில் கால் வைத்த முதல் வாரமே படிக்கிற பாடம். அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி ஜம்முன்னு இருக்கும்மா, சத்தமெல்லாம் உங்க பிரமை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். சக்கரத்தை அவர் கழற்றவில்லை. தினமும் காலையில் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மேட்டுச்சாலையில் இறங்குகிறவள்.

"இதையே கட்டிக் குடும்மா" என்று கைக்கு எட்டிய பெட்டியைக் காட்டினார். எது என்றுகூடப் பார்க்கவில்லை.

வீட்டில் பத்து நிமிடத்தில் மாட்டியாகிவிட்டது. மனைவி ஆசையாக அதே மாதிரி ஒரு குருவியைத் தேடிப் போட்டுவிட்டு, காபி போட உள்ளே போனாள். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்தார். மண்டிபோட்டு, நுனியைப் புதுப் பெட்டியின் தலையில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்போடு அழுத்தினார். ஓடை வந்தது. குருவி வரவில்லை. மறு காதை வைத்தார். அதிலும் வரவில்லை. ஐம்பத்திரண்டு வயது அவருக்கு. போல்ட்டை முடுக்க ஊரில் ஆயிரம் பேர். காது போனால் அவரும் பத்தோடு பதினொன்று.

மனைவி டம்ளரோடு நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"எப்பலேருந்து?" என்றாள்.

"தெரியல."

"அப்ப அந்த ஸ்பீக்கரு..."

அவர் ஃபோனை எடுத்து நர்ஸம்மாவைக் கூப்பிட்டார். நாலாவது மணியில் எடுத்தாள்.

"அம்மா, நாளைக்கு வண்டிய எடுக்காதீங்க. காலைல ஆள் அனுப்பறேன். சக்கரத்தக் கழட்டிப் பாக்கணும்."

"அன்னிக்கு ஒண்ணுமில்லன்னீங்களே?"

"ஆமா. தப்பாச் சொல்லிட்டேன்."

"ஆளெல்லாம் எதுக்குண்ணே? நீங்களே ஒரு நடை வந்து கேட்டுச் சொல்லிடுங்க. உங்க காது ஒண்ணு போதும் எனக்கு."

அவர் வாயைத் திறந்தார், மூடினார்.

"என் காது வேணாம்மா" என்றார் கடைசியில்.

மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ரிமோட்டை எடுத்தாள். சவுண்ட்பாரின் முகத்தில் இருந்த சின்ன விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசி விளக்கு அணைந்த பிறகும், திரையில் குருவி அலகைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.