நாலு மணி நேரத் தூரம்

மகள் வேலைக்குப் போகிற ஊர் எட்டாயிரத்து நானூறு கிலோமீட்டர் தூரம். விமானத்தில் பதினோரு மணி நேரம் இருபது நிமிடம். போனில் பார்த்துச் சொன்னாள். அவள் அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெட்டி பாதிகூட நிறையவில்லை.

"கூப்பிட்டா வந்துடுவேன்மா. காலையில கூப்பிட்டா ராத்திரி சாப்பாட்டுக்கு இங்க இருப்பேன்."

"உங்கப்பாவும் இப்படித்தான் கதை அளந்தாரு," என்றாள் என் மனைவி. "நாலு மணி நேரமாம்."

அளந்தது நிஜம்தான். இருபத்து நாலு வருடத்துக்கு முன் வளைகுடாவுக்குக் கான்கிரீட் வேலைக்குப் புறப்பட்டபோது, விமானத்தில் நாலு மணி நேரம்தான் என்று ஏஜெண்டு சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவளும் நம்பினாள். நானும் நம்பினேன்.

அங்கே ஒரே அறையில் எட்டுப் பேர். அடுக்குக் கட்டிலில் எனக்கு மேலே கிரேன் ஓட்டுகிறவர். எனக்கு அப்போது எழுத வராது. லீவு நாளில் என் கடிதத்தை அவர்தான் எழுதுவார். நான் சொல்வது நாலு வரி, அவர் எழுதுவது இரண்டு பக்கம்.

"என்னண்ணே இவ்வளவு எழுதறீங்க?"

"படிச்சிட்டு உன் பொண்டாட்டி, இந்த ஆளு இவ்வளவு நல்லவனான்னு யோசிக்கணும்டா."

அறையே சிரிக்கும். கால் நீட்ட இடமில்லாத அந்த அறையை மனசு இன்றைக்கும் தேடுகிறது.

மகள் மூன்று வயதில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உடனே வரச் சொல்லி மனைவி போன் செய்தாள். பாஸ்போர்ட் கம்பெனி பீரோவில். சாவி வைத்திருந்தவர் ஊரில் இல்லை. லீவுத் தாளுக்கு மூன்று பேர் கையெழுத்து. அதற்குப் பிறகு டிக்கெட். கிரேன்காரர் தன் வேலையை விட்டுவிட்டு என்னோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். நான் வீட்டு வாசலில் வந்து நின்றது ஒன்பதாம் நாள். குழந்தை தேறி ஓடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் போய், "அம்மா, யாரோ மாமா வந்திருக்காங்க" என்றாள்.

மகளுக்கு இது சிரிப்புக் கதை. அவள் அம்மாவுக்கு இல்லை. மடித்த துணியை மறுபடி உதறினாள்.

"நீங்க சொல்லுங்க. எனக்கு ஒண்ணுன்னா இவ வந்து சேருவாளா? மாட்டான்னா இப்பவே சொல்லிடுங்க, அனுப்பல."

மகள் என் முகத்தையே பார்த்தாள். பதினோரு மணி நேரம் என்று நானும் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும்.

"பாஸ்போர்ட் யார் கையில இருக்கும்?" என்று மகளைக் கேட்டேன்.

"என் கையிலதான்பா. வேற யார்கிட்ட?"

"லீவு?"

"அவசரம்னா ஒரு நாள்ல கொடுத்துடுவாங்க."

"டிக்கெட்?"

யோசித்தாள். "நேரா வர்ற விமானம் தினமும் கிடையாது. ஒரு நாள், ரெண்டு நாள் ஆகும்."

"அப்ப அம்மாகிட்ட அதைச் சொல்லு."

மகள் விரல்விட்டு எண்ணினாள். "மூணு நாள்மா. சில சமயம் நாலு."

மனைவி உதறிய துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"நாலுன்னே வச்சுக்கறேன். அதுவரைக்கும் தாங்குவேன்," என்றாள். என் பக்கம் திரும்பி, "சும்மா நிக்காம அந்தப் போர்வையை எடுங்க."