ஆறு சவரன் மஹர்

என் வீட்டுக்காரர் ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் கடனை அடைத்தார். முடிவெட்டுகிறவருக்கு வைத்திருந்த பாக்கி வரைக்கும் அடைத்தார். எனக்கு மட்டும் அடைக்கவில்லை. இதைச் சொன்னால், "புருஷன் பொண்டாட்டிக்குள்ள இன்னா கடன்?" என்று கேட்கிறவர்கள்தான் திருக்கனூரில் அதிகம். இருக்கிறது ஐயா, இருக்கிறது! நிக்காஹ் அன்று சபையில் அத்தனை பேர் முன்னால், ஆறு சவரன் தங்கம் மஹராகத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டுதான் என்னைக் கட்டினார். மஹர் என்றால் ஆண் பெண்ணுக்குக் கொடுத்தே தீர வேண்டியது. கையில் இல்லையா, அது அவன் தலைமேல் கடன். அன்றைக்குக் கையில் இல்லை என்றார். இருபத்தெட்டு வருஷமாக அந்தக் கையில் ஒன்றும் வந்து சேரவில்லை. நானும் குடும்பம் நடக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

எண்பதாம் வருஷம் பணம் வந்தது. மாமனார் விட்டுப்போன களர் நிலம் ஒரு ஏக்கர் ஊருக்கு வெளியே சும்மா கிடந்தது. ஆடுகூட வாய் வைக்காத நிலம். நெல் கிடங்கு கட்ட வேண்டும் என்று அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டு, நஷ்டஈடாக முப்பதாயிரம் ரூபாய் கொடுத்தது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை மூட்டை மூட்டையாக வாங்கி விற்று, ஒரு வருஷம் லாபம் இரண்டு வருஷம் நஷ்டம் என்று ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் அவர். அன்றைக்குச் சந்தோஷத்தில் அவருக்குச் சோறே இறங்கவில்லை.

முதலில் யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? மண்டிக்காரர் கண்ணையனுக்கு. ஏனென்றால் கண்ணையன் கடைத்தெருவில் நிற்க வைத்துக் கத்துவார். அடுத்தது தன் தங்கை நசீராவின் புருஷனுக்கு. அவர் கத்தமாட்டார், ஆனால் கல்யாண வீடுகளில் ஜாடையாகப் பேசுவார். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்கிற கணக்கு. எங்களுக்குப் பால் ஊற்றும் சின்னபொண்ணு ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை, அதனால் அவள் பாக்கி கடைசியில் போனது. வாய் திறந்து கேட்காதவள் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை.

கடன் தீர்ந்ததும் ஹஜ்ஜுக்குப் போகிறேன் என்றார். நல்லது, அல்லாஹ் கூப்பிட்டால் யார் தடுப்பது? அதோடு நின்றாரா? பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி உதுமான் வந்து, "சமது பாய், மினாரா ஒண்ணு பாதில நிக்குது, உங்க பேரைக் கல்லுல வெட்டி வெச்சிடலாம்" என்றார். என் வீட்டுக்காரர் அந்தக் கோபுரத்துக்கு ஏழாயிரத்தை எடுத்து நீட்டிவிட்டார். யாரும் கேட்காத கடனுக்கு ஏழாயிரம்! சின்னபொண்ணு பால் அளந்துகொண்டே சொன்னாள்: "கடைத்தேங்காய எடுத்து வழிப்புள்ளையாருக்கு ஒடைக்கிற கதையால்ல கீது, பீவி." அவளுக்குப் புரிந்தது இவருக்குப் புரியவில்லை.

எனக்கு நகை ஆசை இல்லை. ஐம்பதை நெருங்குகிற வயதில் ஆறு சவரனைப் போட்டுக்கொண்டு நான் எங்கே போகப் போகிறேன்? என் மகள் சல்மாவுக்காகத்தான் வயிறு எரிந்தது. கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டின் மேல் மளிகைக்கடை வைத்திருந்த பையனுக்கு அவளைக் கொடுத்திருந்தோம். காய்ச்சலில் அவன் போய்விட்டான். மய்யித்தைத் தூக்குவதற்கு முன்னால், கைம்பெண்ணாகிப்போனவளிடம் வந்து, "மஹரைப் பொறுத்துக்கிட்டேன்னு சொல்லும்மா, அவன் கடனில்லாம போவட்டும்" என்று கேட்பது ஒரு வழக்கம். உலகமே இடிந்து உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் கேட்கிற நேரமா அது? அவளும் பொறுத்துக்கொண்டேன் என்று சொன்னதாகத்தான் கேள்வி. நான் அப்போது பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்கட்டில் இருந்தேன். துக்க மாதங்கள் முடிந்ததும் அவள் மாமனார் வீட்டில் கடையையும் வைத்துக்கொண்டு, அவளுடைய ஐந்து சவரனுக்கும் "அதான் நீயே பொறுத்துட்டியே" என்று சொல்லி, இரண்டு பிள்ளைகளோடு பஸ் ஏற்றிவிட்டார்கள். "ஏண்டி சொன்ன?" என்று நான் எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன். அவள் எழுந்து போய்ப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவாள்.

இப்போது பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையறை காலியாக இருந்தது. வளையல், ரிப்பன், பாவாடை நாடா விற்று அவள் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அந்த அறையும் சரக்கும் என் ஆறு சவரனில் அடங்கிவிடும்.

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்.

"எல்லார் கடனும் அடைச்சீங்களே, என்னுது?"

"உன்னுது இன்னா?"

"மஹர்."

அவர் சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். "அட போடி! இத்தினி வருசம் சோறு போட்டேனே, அது இன்னா?"

"சோறு போட்டது உங்க கடம. அந்தச் சோத்த ஆக்குனதே நாந்தான். மஹர் வேற."

அவர் முகம் மாறியது. கை கழுவிவிட்டு வந்து, "சரி, அன்னிக்குப் பவுன் அறுவது ரூவா. முந்நூத்தி அறுவது தரேன், வாங்கிக்கினு பொறுத்துட்டேன்னு சொல்லு" என்றார்.

அந்த எண்பதாம் வருஷத்தில் சவரன் ஆயிரத்தைத் தாண்டி நின்றது. மல்லாட்டை மூட்டை விலையில் கால் ரூபாய் ஏறினால்கூட மனப்பாடமாக ஒப்பிக்கிற மனிதருக்கு, பெண்டாட்டியின் பவுன் மட்டும் அறுபதிலேயே நிற்கிறது!

"சபைல சவரன்னுதான் பேசுனீங்க. ரூவான்னு பேசல. தங்கமாக் குடுங்க, இல்லாட்டி இன்னிக்கு வெலைய குடுங்க."

"துட்டு ஏதுடி இப்போ? டிக்கெட்டு, அங்க செலவு, மினாரா... எல்லாம் போச்சு. வாயால ஒரு வார்த்த சொன்னா உனக்கு இன்னா கொறஞ்சிடும்?"

"சொல்லமாட்டேன்" என்றேன். கேட்டுக்கொண்டுதான் எழுந்து போனார். அவர் காதில் விழவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மறுநாள் காலையில் வாசலில் ஊரே கூடிவிட்டது. விழுப்புரம் ரயிலடிக்குக் கூட்டிப்போக வாடகைக் கார் வந்து நின்றது. அவர் மாலையும் கழுத்துமாக நின்று, ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் செய்கிறபடி ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து, "தெரிஞ்சும் தெரியாமலும் ஏதாச்சும் தப்பு பண்ணியிருந்தா பொறுத்துக்குங்க" என்று கேட்டார். கண்ணையன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் நாங்கள் வாசல் திரைக்குப் பின்னால் நின்றோம்.

பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத் துஆ ஓதுவதற்கு முன்னால் கேட்டார்: "வீட்டம்மாகிட்ட கேட்டீங்களா, பாய்? மஹர் பாக்கி ஏதாவது இருக்கா?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். உதுமான் திரைப்பக்கம் திரும்பி, "வூட்ல பொறுத்துக்கிட்டாங்களா?" என்று உரக்கக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற நசீரா, என் நாத்தனார், "பொறுத்துட்டாங்க, பொறுத்துட்டாங்க!" என்று கத்தினாள்.

வாசலில் எல்லோரும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். அவரும் சொன்னார்! முந்தின நாள் என் வாயால் இல்லை என்று கேட்ட மனிதர், அது பொய் என்று அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள், எல்லோரையும்விட உரக்கச் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முக்காட்டை இழுத்துக்கொண்டு, திரையைத் தள்ளிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

"நா சொல்லல! நசீராவுக்கா மஹர் பாக்கி, அவ பொறுத்துக்கிறதுக்கு? எனக்கு ஆறு சவரன் வரணும். நா பொறுத்துக்கல."

"பொம்பள நடுத்தெருவுல வந்து இன்னா பேச்சு இது! ஹஜ்ஜுக்குப் போறவர மறிக்கிறியே!" என்றார் உதுமான்.

"நா மறிக்கல. நீங்க வாங்குன மினாரா காச திருப்பிக் குடுங்க, கடன் தீந்துடும், அவரு சந்தோசமா போவட்டும்."

"அல்லாவுக்குக் குடுத்தத திருப்பிக் கேக்குறதா?"

"அல்லாவுக்கு அவரு சொந்தக் காச குடுக்கட்டும்!"

 ஹஜ்ரத்துதான் மெதுவாகச் சொன்னார்: "மஹர் கடன்தான் பாய். அந்தம்மா வாயால சொன்னாத்தான் தீரும். வேற யாரு வாயாலயும் தீராது." ஆனால் உதுமான் "டிரெயினுக்கு நேரமாவுது" என்று அவரைக் காருக்குள் தள்ளினார். அவரும் என்னைப் பார்க்காமலே ஏறி உட்கார்ந்தார். கார் போய்விட்டது.

வந்திருந்த பெண்கள் ஆளுக்கொரு வாய் என்னைத் திட்டிவிட்டுக் கலைந்தார்கள். நான் அடுப்படியில் போய் உட்கார்ந்து, ஆத்திரம் தாங்காமல் அழுதேன். சல்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நானும் சொல்லல."

"இன்னாடி சொல்லல?"

"அன்னிக்கு. மய்யித்து பக்கத்துல. மூணு தரம் கேட்டாங்க. எனக்கு அழுகதாம்மா வந்துச்சு, வாயே தெறக்கல. வெளிய ஆம்பளைங்ககிட்ட யாரோ 'பொறுத்துட்டா'ன்னு சொல்லிட்டாங்க."

"யாருடி அது? உன் மாமியாளா?"

அவள் முந்தானையைத் திருகினாள். பிறகு சொன்னாள்: "அத்தாதாம்மா."

அடப்பாவி மனுஷா! பெற்ற மகளின் சொத்தை அவள் வாயைக் கேட்காமலே ஊருக்குத் தாரைவார்த்துவிட்டு, இரண்டு வருஷமாக அவளை நான் திட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறாரே! என் அழுகை அப்படியே நின்றுவிட்டது. பிள்ளைகளைச் சின்னபொண்ணு வீட்டில் விட்டுவிட்டு, சல்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் ஏறினேன். பஸ் ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்று போனது. டிரைவரையும் திட்டினேன்.

நல்ல வேளையாக ரயில் தாமதம், இன்னும் வரவில்லை. பிளாட்பாரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தார். "எனக்குத் தெரியும் ரோஷன், நீ மனசு கேக்காம வந்துடுவேன்னு" என்றார். வழியனுப்பக் கூடவே வந்திருந்த உதுமானும் தலையை ஆட்டினார்.

"என்னுது கெடக்கட்டும். அது கடைசில வரட்டும். மொதல்ல அடைக்க வேண்டிய கடன் இது" என்று சல்மாவை முன்னால் நிறுத்தினேன்.

அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் கேட்டாள். "அத்தா, அன்னிக்கு நா எப்ப பொறுத்துட்டேன்னு சொன்னேன்?"

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முகத்தில் இருந்த களை போய்விட்டது. "எல்லாரும் வெளிய நின்னுகினு இருந்தாங்கம்மா. நேரமாவுதுன்னாங்க. நீ அழுதுகினே இருந்த. சம்பந்தி வூட்ல வம்பு வேணாம்னு..."

"எனக்கு ரெண்டு புள்ளைங்க அத்தா."

"தெரியும்மா." காலையிலிருந்து ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அதே வார்த்தையைத்தான் சொன்னது: "பொறுத்துக்கம்மா."

"இல்ல அத்தா" என்றாள் சல்மா. "நா பொறுத்துக்கல. இத நீங்களே என் மாமனார் வூட்டுக்குப் போய் அவங்ககிட்ட சொல்லணும்."

ரயில் வந்தது. உதுமான் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, "ஏறுங்க பாய், பொம்பளைங்க பேச்ச கேட்டுகினு" என்று கையைப் பிடித்து இழுத்தார். அவர் படியில் ஒரு காலை வைத்தார். அப்படியே நின்றார். மகளைத் திரும்பிப் பார்த்தார். காலைக் கீழே எடுத்து வைத்து, "பெட்டிய எறக்கு, உதுமானு" என்றார். உதுமான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். விசில் ஊதியதும் வேறு வழியில்லாமல் பெட்டியோடு இறங்கினார். ரயில் போய்விட்டது.

பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை. அவர் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"கிருமாம்பாக்கத்துக்கு இங்கேருந்து நேரா பஸ் கீதா?"

"கெடையாது. கடலூர் போய் மாறணும்" என்றேன். "மூணு டிக்கெட்டும் நீங்கதான் எடுக்கணும்."