நாலாவது ஹப், ஏழாவது போர்ட்

எங்கள் அலுவலகத்தில், கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைக்கிற ஹப் பெட்டிகள் எட்டை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளே ஆட்களைக் குடிவைத்திருக்கிறார்கள். ஹப்புக்குப் பன்னிரண்டு போர்ட். கேபிள் செருகுகிற பொந்துதான் போர்ட். உள்ளே ஒரு பாய் விரிக்கலாம். மூச்சு முட்டாது, கவலைப்படாதீர்கள்.

யார் பேசினாலும் அத்தனை பேருக்கும் கேட்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் இரண்டு பேச்சும் செத்துப்போகும். அதற்குப் பெயர் மோதல். மோதியவர்கள் கொஞ்சம் ஒதுங்கியிருந்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். ஒரே பேச்சு பதினாறு தடவை மோதினால், அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

போக்குவரத்தையும் பிழைகளையும் கண்காணிப்பது என் வேலை. அடிக்கடி குரல் கொடுத்துக் கணக்குக் கேட்பேன். பதிவேட்டில் எழுதுவேன். அன்று சாயங்காலம் நாலாவது ஹப், ஏழாவது போர்ட்டுக்கு நேராக இப்படி இருந்தது: பேச்சு பூஜ்யம், மோதல் பதினைந்து.

அங்கே இருப்பவள் தில்லைக்கரசி. என் நாத்தனார்.

மேற்பார்வையாளர் தணிகாசலம் ரப்பர் மூடியோடு வந்தார். அவர் முழங்காலில் பச்சை விளக்கு மினுங்கியது. உடம்பு சரியாக இருந்தால் அப்படித்தான்.

“ஏழு காலியாம்மா?”

“ஆள் இருக்கு சார்.”

“இருக்கறவங்க வாயைத் தொறந்து சொல்லணும்ல? அஞ்சு மணிக்குள்ள ஒரு பேச்சு வரணும். இல்லாட்டி அடைச்சிடுவேன்.”

“உள்ள அவ இருப்பாளே!”

“அடைச்சப்புறம் இருக்க மாட்டாங்க. அதுக்குத் தனி ஃபாரம்.”

மணி நாலு நாற்பது. நான் விடுவதாக இல்லை.

“எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க!” என்று கத்தினேன்.

மற்ற தொண்ணூற்றைந்து பேரும் ஒரே குரலில் “ஏன்?” என்றார்கள். எட்டு ஹப்பிலும் சிவப்பு விளக்கு எரிந்தது.

“நீ மொதல்ல சும்மா இரு தாயி!” என்றது இரண்டாவது ஹப்பிலிருந்து ஓர் ஆண் குரல்.

நல்லவேளை, தில்லைக்கரசி அப்போது ஒதுங்கியிருந்தாள். மோத மோத இன்னும் அதிக நேரம் ஒதுங்குவாள். கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்திக்குத்தான் வருவாள்.

இழுப்பறையில் ஒரு டப்பா கமர்கட் இருந்தது. எண்ணினேன், தொண்ணூற்றாறு. எடுத்துக்கொண்டு ஏறினேன். ஒரு வார்த்தை பேசாமல் ஒவ்வொரு போர்ட்டிலும் ஒன்று நீட்டினேன். வாங்கி வாயில் போட்டதும் பல்லோடு பல் ஒட்டிக்கொண்டது. நாலாவது ஹப்பின் வராந்தா நடக்க நடக்க நீண்டது. நானும் நடந்தேன். ஏழாவது போர்ட்டை மட்டும் தாண்டிப் போனேன்.

இறங்கி வந்தபோது மணி நாலு ஐம்பத்தெட்டு. அடுக்கு முழுக்கச் சத்தமில்லை. பழக்க தோஷத்தில் கணக்குக் கேட்க வாயைத் திறந்தேன். பதிவேடு கண்ணில் பட்டது.

பதினைந்து மோதலுக்கும் நேரம் எழுதியிருந்தேன். பதினைந்தும் நான் கணக்குக் கேட்ட நேரம்.

வாயை மூடினேன்.

“என்னம்மா நிக்கிறீங்க? கடைசிக் கணக்கைக் கேளுங்க” என்றார் தணிகாசலம்.

மாட்டேன் என்று தலையாட்டினேன்.

“கேக்காம எப்படிம்மா தெரியும்? நகருங்க, நானே...”

மிச்சமிருந்த கமர்கட்டை அவர் வாயில் திணித்தேன். முழங்கால் விளக்கு மஞ்சளாகியது. வேறொன்றும் ஆகவில்லை, பாவம்.

ஒரு நிமிஷம் போனது. மேலே லேசாகத் தொண்டையைச் செருமும் சத்தம்.

“அண்ணி,” என்றாள் தில்லைக்கரசி. “இப்பப் பேசலாமா?”

பதிவேட்டில் ‘பேச்சு: ஒன்று’ என்று எழுதினேன். தணிகாசலம் எட்டிப் பார்த்துவிட்டு மூடியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். ‘பேசு கண்ணு’ என்று நாக்கு நுனிவரை வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, அவள் அடுத்த வார்த்தைக்கு வழி விட்டு நின்றேன்.