டெஸ்லி வேண்டாமென்ற கார்

கெல் பாஸ்கோவின் வீட்டைக் கடந்து போனால் கைதட்டல் சத்தம் கேட்கும். கொஞ்சம் கேட்கும், நிற்கும், மறுபடி அதே கைதட்டல் முதலிலிருந்து வரும். எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துக்கொள்வார்கள். பாவம், ஒரு வாரத்தில் புரிந்துவிடும்.

தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து கெல் தன் கார் ஷெட்டிலேயேதான் குடியிருக்கிறார். காரைத் தெருவில் விட்டுவிட்டு, ஷெட்டில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, பழைய டிவி போட்டிகளை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். போட்டியாளர் யார், கேள்வி என்ன என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. பரிசாக நிறுத்தியிருக்கும் கார் எந்த மாடல், எந்த வருஷம், எந்த எஞ்சின் என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததை, உலகம் முழுக்க இதே கிறுக்கு பிடித்தவர்கள் சேர்ந்து நடத்தும் ஓர் இணையப் பட்டியலில் ஏற்ற வேண்டும். அவருடைய ஜென்ம விரோதிகள், காருக்குப் பக்கத்தில் நீள கவுன் போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்கள். சரியாக மாடல் பெயர் முத்திரை இருக்கும் இடத்தில்தான் வந்து நிற்பார்கள்.

"தள்ளி நில்லும்மா!" என்று கெல் திரையைப் பார்த்துக் கெஞ்சுவது என் சமையலறை வரை கேட்கும்.

அந்தப் பட்டியலுக்கு ஒரு சட்டம் உண்டு. கார் மிகத் தெளிவாகத் தெரியும் படத்தைத்தான், முழுதாக, வெட்டாமல் போட வேண்டும். அதைக் கண்காணிக்கிறவர்களில் கெல்லும் ஒருவர். பெர்த் நகரத்திலிருந்து ஒரு மனிதர் பம்பர் ஓரம் வெட்டுப்பட்ட படத்தை அனுப்பியதற்கு, மூன்று பத்தி எழுதித் திருப்பி அனுப்பினார். பெருமையாக என்னிடமும் படித்துக் காட்டினார்.

இந்தக் கிறுக்குக்கு மூலகாரணம் அவர் மனைவி டெஸ்லி. 1977-இல் அவள் 'சுழல்மேடை' என்ற டிவி போட்டியில் கலந்துகொண்டாள். மேடையில் ஒரு மஞ்சள் டொரானா கார் சுற்றிக்கொண்டே இருக்கும். டெஸ்லி மேல்மூடி வைத்த ஒரு பெரிய ஃப்ரீஸரை ஜெயித்துவிட்டாள். அதை விட்டுக்கொடுத்து இன்னொரு கேள்விக்குப் பதில் சொன்னால் கார். அவள் ஃப்ரீஸரே போதும் என்றாள். அவ்வளவுதான், அன்றிலிருந்து கல்யாணம், கருமாதி, கிறிஸ்துமஸ், எதிலும் இந்தக் கதையைச் சொல்லாமல் கெல் விட்டதில்லை.

"வி-எய்ட், எட்டு சிலிண்டர் எஞ்சின்! தொண்டை கிழிய 'காரு, காரு'ன்னு கத்தினேன். மகாராணி இறைச்சிப் பெட்டியை எடுத்துட்டு வந்தா."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். டெஸ்லி சிரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள். சொந்த மகனே அவளுக்கு 'ஃப்ரீஸர்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் வேலியோரம் நின்று டெஸ்லி சொன்னாள்: "பேலாரட் ஊர்ல எவனோ அந்தப் போட்டி டேப்பை இணையத்துல ஏத்திட்டானாம், மவ்ரீன். இவரு காலையிலேர்ந்து சோறு தண்ணி இல்லாம குதிக்கிறாரு."

"நீ பார்க்கப் போறியா?"

"எதுக்கு? நான் செஞ்ச முட்டாள்தனத்தை நானே திரும்பப் பார்க்கணுமா?"

நான் விடுவேனா? கேக் டின்னைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் ஷெட்டுக்குப் போனேன், அவளையும் இழுத்துக்கொண்டு. வெளியே புல்லெல்லாம் கருகும் வெயில். உள்ளே மின்விசிறி சூட்டையே கிளறிக்கொண்டிருந்தது.

திரையில் டெஸ்லி நின்றாள். இடுப்பு வரை முடி, பயந்த சிரிப்பு. டொரானா சுற்றியது. வழக்கம்போல் ஒரு கவுன்காரி அதன் மூக்கை மறைத்துக்கொண்டு அதோடு சேர்ந்து சுற்றினாள். கெல் பல்லைக் கடித்தார். தொகுப்பாளர் கேட்டார்: ஃப்ரீஸரா, காரா? கூட்டம் கத்தியது. கேமரா சட்டென்று கூட்டத்தின் பக்கவாட்டுக்குப் போனது. அந்த நொடியில் மேடை திரும்பி, காரின் பின்பக்கம் பளிச்சென்று தெரிந்தது.

"ஆ!" என்று கெல் நிறுத்தினார்.

முத்திரை துல்லியமாகத் தெரிந்தது. சன்பேர்ட் மாடல். நாலு சிலிண்டர். வி-எய்ட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் டெஸ்லி காரைப் பார்க்கவில்லை. காருக்கு முன்னால், கூட்டத்தில் ஒருவன் மட்டும் எழுந்து நின்றிருந்தான். பழுப்புக் கோட்டு, தொங்கு மீசை.

"கொஞ்சம் ஓட விடு, கெல்," என்றாள்.

ஓடியது. அந்த ஆள் இரண்டு கையாலும் காற்றில் ஒரு மூடியைத் தூக்கித் திறப்பதுபோல் காட்டினான். உள்ளே எதையோ வைத்தான். மூடினான். மேடையைப் பார்த்துத் தலையைத் தலையை ஆட்டினான். மறுபடி திறந்தான்.

"என்ன பண்றே அங்க?" என்றாள் டெஸ்லி.

"கை தட்டுறேன்," என்றார் கெல்.

"கை தட்டுறவங்க உள்ள எதையாவது வைப்பாங்களா?" என்றேன் நான்.

"உன்னை யாரும் கேக்கல, மவ்ரீன்."

"உங்க மாமா அரை மாடு தரேன்னு சொல்லியிருந்தாரு, வைக்க இடமில்லன்னு புலம்பிட்டிருந்தே," என்றாள் டெஸ்லி மெதுவாக. "உன் கையைப் பார்த்துத்தான் நான் ஃப்ரீஸர்னு சொன்னேன். அதையே மறந்துட்டேன் பாரு. நீ சொல்லிச் சொல்லி, நீ சொன்னதுதான் நடந்ததுன்னு நம்பிட்டேன்."

கெல்லின் கண் திரையின் ஓரங்களை அளந்துகொண்டிருந்தது. கார் தெளிவாகத் தெரியும் படம் அது ஒன்றுதான். தன்னை வெட்டினால் பம்பரும் சேர்ந்து போகும்.

"படம் வேணாம், காரை அடையாளம் தெரியாததுன்னு போட்டுடலாம்," என்றார் கடைசியில்.

டெஸ்லி சண்டை போடுவாள் என்று ஆசையோடு காத்திருந்தேன். அவள் எழுந்து, கேக் டின்னை எடுத்துக்கொண்டாள்.

"உன் இஷ்டம். எனக்கு அலுத்துப் போச்சு, கெல்."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கைதட்டல் கேட்கவில்லை. காலையில் இல்லை, மாலையிலும் இல்லை. தெருவே காது அடைத்தது போலிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. என் பேத்தியிடம் கேட்டு அந்த இணையப் பட்டியலை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பட்டியலில் வந்துவிட்டது. 'சுழல்மேடை, டொரானா சன்பேர்ட், நாலு சிலிண்டர்.' படம் முழுசாக இருந்தது. கீழே ஹாலந்துக்காரர் ஒருவர் கேட்டிருந்தார்: 'நல்ல படம். ஆனால் நடுவில் நின்று கெடுக்கிறவர் யார்?'

கெல்லின் பதில்: 'நான்தான். ஃப்ரீஸரை எடுக்கச் சொல்கிறேன். நான் சொன்னபடி என் மனைவி எடுத்தாள். குறை என்னுடையது.'

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். டெஸ்லி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா? உலகம் முழுக்கத் தெரியப் போட்டிருக்காரு!"

"பார்த்தேன். நேத்தே எழுதிட்டு என்கிட்ட படிச்சுக் காட்டினாரு."

"என்னடி, அவ்வளவுதானா? வேற யாராவதா இருந்தா தெருவுல இறங்கி ஆடியிருப்பாங்க!"

"எத்தனை வருஷம், மவ்ரீன்." அவள் கையில் ஈரப் போர்வை தொங்கியது. "சந்தோஷப்படறதுக்கும் தெம்பு வேணும்ல."

எலுமிச்சை மரத்தடியில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கூடையில் பாதித் துணி அப்படியே கிடந்தது. அதை நான்தான் காயப்போட வேண்டியிருந்தது.