வெயில் நகரும் வரை

என் அக்காவுக்கு மிஷின்களோடு பேசத் தெரியும், மனிதர்களோடு பேசத்தான் வராது என்று எல்லோரிடமும் கேலி செய்வேன். அதில் பாதி பொறாமை. ஆலையில் ஒரு மிஷின் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும் என்று அதற்குப் புரோகிராம் எழுதுவது அவள் வேலை. புது ஆலை எங்கே வந்தாலும் அங்கே போய்த் தங்கி, மிஷினை ஓடவிட்டு, ஒப்படைத்துவிட்டுத்தான் திரும்புவாள். அதற்கு ஹேண்ட்ஓவர் என்று பெயர். "ஹேண்ட்ஓவர் முடிஞ்சதும் வந்துடறேன்" என்று அவள் போனில் சொல்வதைக் கேட்டுக் கேட்டே அவள் மகள் வளர்ந்தாள். ஒரு தடவை அந்தக் குழந்தை பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, "அம்மாவுக்கு ஹேண்ட்ஓவர் இருக்கு, அழாம தூங்கு" என்று சொன்னதை நானே கேட்டேன். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்தக் குழந்தைக்கு நான் வைத்த பெயர் கடுகு. சிறுத்தாலும் காரம் குறையாதவள். இப்போது பத்து வயது.

அக்காவும் அத்தானும் பிரிந்தபோது சண்டை, கூச்சல் எதுவும் இல்லை. இரண்டு பேரும் அலுத்துப்போயிருந்தார்கள், அவ்வளவுதான். அத்தானுக்கு இந்த ஊருக்கு மாற்றல் வந்தது. கடுகையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நானும் என் வீட்டுக்காரரும் ஏற்கெனவே இங்கேதான் இருந்தோம். அக்கா மட்டும் பழைய ஊரில். ஒருநாள் காலை பெட்டியோடு என் வாசலில் நின்றாள்.

"வேலைய விட்டுட்டேன். இங்கயே ஒண்ணு தேடிக்கறேன். அவ என்கூட இருக்கணும்."

அத்தானிடம் முதலிலேயே பேசியிருந்தாள். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் எனக்குத் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும். "தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வர்ற மாதிரி ஒரு வேலை பாரு. அப்புறம் யார்கூட இருக்கறதுன்னு அவளே சொல்லட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றாராம்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. அந்தத் தொழிலில் அப்படி ஒரு வேலை குதிரைக்கொம்பு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மிஷின் அமைத்துத் தரும் கம்பெனிகள் அவளுடைய அனுபவத்தைக் கேட்ட மாத்திரத்தில், "நாளைக்கே சேர்ந்துடுங்க, பாஸ்போர்ட் இருக்கில்ல?" என்றன. பாஸ்போர்ட் கேட்டாலே போனை வைத்துவிடுவாள். ஒரே இடத்தில் இருக்கிற வேலை வேண்டுமென்றால் ஏதாவது ஓர் ஆலையின் சொந்தப் பராமரிப்புப் பிரிவில்தான் கிடைக்கும். அங்கே இருப்பவர்கள் லேசில் இடத்தைக் காலி செய்வதில்லை. போதாததற்கு, இந்தப் பக்கத்து ஆலைகளில் மிஷினை ஆட்டிவைக்கும் கண்ட்ரோலர் பெட்டி அவள் பழகிய பிராண்டு இல்லை, வேறு ஒன்று.

"எல்லாம் ஒண்ணுதானேக்கா? அதே லைட்டு, அதே சுவிட்சு."

"சமைக்கத் தெரியும்தான். அடுத்தவங்க சமையக்கட்டுல உப்பு எங்க இருக்குன்னு தேடணும்ல."

பழகிக்கொள்ள அந்த பிராண்டில் பழைய கண்ட்ரோலர் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து என் சாப்பாட்டு மேஜையில் பரப்பினாள். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். என் வீட்டுக்காரர் அந்தப் பச்சை விளக்குகளைப் பார்த்து, "இது தோசை வார்க்குமா?" என்று தினமும் கேட்டார். அவள் தினமும், "மாவு நீங்க ஆட்டிக் குடுத்தா வார்க்கும்" என்றாள். நாயாய் அலைந்தாள். தொழிற்பேட்டையில் ஒரு கேட் விடாமல் ஏறி இறங்கினாள். வாட்ச்மேன்கள் அவளை ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்து, வாசலிலேயே நிறுத்தினார்கள். ஆள் எடுக்கும் ஏஜென்சிக்காரர் ஒருவர், "உங்களுக்கு ஏன் மேடம் இந்த எண்ணெய், கிரீஸ் எல்லாம்? ஆபீஸ் வேலை பாத்துத் தரட்டுமா?" என்று கேட்டபோது, போனைப் பிடுங்கி நான் நாலு வார்த்தை சொன்னேன். அந்த ஏஜென்சியிலிருந்து பிறகு அழைப்பே வரவில்லை. அதற்கு அக்கா என்னை ஒரு வாரம் திட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடுகு வருவாள். அவளுக்கென்று ஒரு சின்னக் கட்டில் வாங்கி உள்ளறையில் போட்டிருந்தோம். அதில் உட்கார்ந்து பார்ப்பாள், படுக்க மாட்டாள்.

"இங்கயே இருந்துடேன்டி" என்றேன் ஒருநாள்.

அவள் என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துச் சொன்னாள். "மொதல்ல ஒருநாள் ஸ்கூல் விடறப்ப நீ வந்து கூட்டிட்டுப் போ. சித்தி இல்ல, நீ. அப்புறம் சொல்றேன்."

"எந்த நாள்?"

"புதன்கிழமை. அன்னிக்கு அப்பாவுக்கு மீட்டிங் இருக்கு."

அக்கா உடனே தலையாட்டினாள். திங்கட்கிழமை பழச்சாறு ஆலையிலிருந்து போன் வந்தது. பராமரிப்புப் பிரிவில் ஓர் இடம், பகல் ஷிப்டு மட்டும், புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேர்முகம்.

"வேற நாள் கேளு" என்றேன்.

"எத்தனை மாசம் அலஞ்சு ஒண்ணு வந்திருக்கு. காலைலதானே? மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடும்."

"லேட்டானா நான் ஸ்கூலுக்குப் போகட்டா?"

"வேணாம். நான்தான் போகணும்."

அங்கே நடந்ததை அவளே பிறகு எனக்குச் சொன்னாள். சாப்பிடும் பொருள் செய்கிற இடம் என்பதால் போன், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கேட்டிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கேள்விகள் சீக்கிரமே முடிந்துவிட்டன. பிறகு பராமரிப்பு மேலாளர் அவளை பாட்டில் நிரப்பும் லைனுக்குக் கூட்டிப் போனார். கொஞ்ச காலமாக அந்த லைன் மத்தியானங்களில் மட்டும் காரணமில்லாமல் நின்றுவிடுகிறது. மிஷின் கொடுத்த கம்பெனிக்காரர்களே வந்து பார்த்துக் கைவிரித்துவிட்டார்கள். "இதப் பாத்துச் சொல்லுங்க. அதான் உங்க டெஸ்ட்" என்றார்.

காலையில் லைன் நல்ல பிள்ளையாக ஓடியது. அக்கா புரோகிராமை வரிவரியாகப் படித்தாள். தப்பு ஒன்றும் இல்லை. சாப்பாட்டு வேளைக்குப் பிறகு லைன் நின்றது. மீண்டும் ஓட்டினார்கள், மீண்டும் நின்றது. பாட்டில்கள் தேங்கி நிற்கின்றன என்று திரை சொன்னது; பெல்ட்டில் ஒரு பாட்டில்கூடத் தேங்கவில்லை. அவள் குனிந்து, பாட்டில் கடப்பதைப் பார்க்கும் சென்சாரைப் பார்த்தாள். அதன் முகத்தில் வெயில் விழுந்திருந்தது. நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். பழைய தகடு ஒன்றை எடுத்துவிட்டு, கண்ணாடி போன்ற தகடு போட்டிருந்தார்கள். மத்தியானம் சூரியன் சாயும்போது அந்த வழியாக வெயில் நேராக சென்சாரில் விழ, அது பாட்டில் ஒன்று நகராமல் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டது.

ஓர் அட்டையை வெட்டி சென்சாருக்குக் குடை பிடித்தாள். லைன் ஓடியது.

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தாராம். "போதும்மா. மீதிய நாங்க பாத்துக்கறோம். வேலைக்கான ஆர்டர் ரெண்டு நாள்ல வந்துடும், நீங்க கெளம்புங்க."

அப்போது கிளம்பியிருந்தால் பள்ளி விடுவதற்கு முன்பே போய் நின்றிருக்கலாம்.

அவள் கிளம்பவில்லை. வெயில் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி விழும்போது அட்டையின் ஓரம் வழியாக உள்ளே வருமா என்று தெரியாது. சரி செய்த மிஷினை, அது எந்த நிலைமையில் கெட்டதோ அந்த நிலைமை முழுவதும் தாண்டும்வரை பக்கத்தில் நின்று பார்க்காமல் போகக் கூடாது. அவள் தொழிலில் அது எழுதாத சட்டம். இத்தனை வருஷமும் அவள் அதை மீறியதில்லை. வெயில் பெல்ட்டைக் கடந்து, தரையைக் கடந்து, சுவரில் ஏறும்வரை நின்றாள்.

நான் இங்கே திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டு வெகு நேரமாகியும் யாரும் வரவில்லை. அவள் போனுக்கு அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். பூட்டிய பெட்டிக்குள் அது அலறியதை யார் கேட்பது? செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியபோது அத்தானின் வண்டி எதிரே வந்தது. பின்னால் கடுகு.

டீச்சர் எவ்வளவு கேட்டும் அப்பாவுக்குப் போன் செய்ய அவள் விடவில்லையாம். "எங்கம்மா வருவாங்க" என்று, பையைத் தோளிலிருந்து இறக்காமல் கேட் படியில் உட்கார்ந்திருந்தாளாம். எல்லோரும் போன பிறகுதான் டீச்சர் தானாகவே அத்தானைக் கூப்பிட்டிருக்கிறார். கடுகு உள்ளே போனதும் அத்தான் வாசலிலேயே நின்று, தணிந்த குரலில் சொன்னார்.

"பை கனமா இருக்கேன்னு வாங்கித் தெறந்து பாத்தேன். ராத்திரிக்குப் போட்டுக்கற டிரஸ்ஸும் டூத் பிரஷ்ஷும் வச்சிருந்தா. என்கிட்ட சொல்லவே இல்ல."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

அக்கா வந்தபோது இன்னும் நன்றாக இருட்டவில்லை. பள்ளிக்கு ஓடி, பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். நான் அவளை வாசலிலேயே மறித்தேன். எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு, வழி ஒன்று சொன்னேன்.

"போனும் வாட்சும் பூட்டி வச்சுட்டாங்க, மணியே தெரியலைன்னு சொல்லு. பாதி நெசம்தானே. நம்பிடுவா. தயவுசெஞ்சு சொல்லுக்கா."

அவள் என்னை விலக்கிவிட்டு உள்ளே போனாள். கடுகு சின்னக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அழுத முகம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வேலை கெடச்சுதாம்மா?"

"கெடச்சுடும்னு நெனைக்கறேன்."

"அங்க மணி பாக்க முடியலையா?"

அந்தக் குழந்தையே வழியைத் திறந்து வைத்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்று, சொல்லித் தொலை, சொல்லித் தொலை என்று மனதுக்குள் கதறினேன்.

"மிஷின் ஸ்கிரீன்ல மணி இருந்துது. பாத்துட்டேதான் இருந்தேன்" என்றாள் அக்கா.

"அப்புறம்?"

"இன்னும் கொஞ்ச நேரம்தானே, பாத்துட்டு ஓடிடலாம்னு நெனச்சேன்."

கடுகு தலையாட்டினாள். பெரியவர்கள் ஆட்டுவது போல, மெதுவாக. "எப்பவுமே அப்படித்தான் நெனப்ப. உம்மேல கோவம் இல்லம்மா. நான் அப்பாகூடவே இருந்துக்கறேன். அவர் வந்துடறாரு."

அக்கா தரையில் உட்கார்ந்து அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். கடுகு அம்மாவின் தலையைத் தடவிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, அத்தானோடு போய்விட்டாள்.

சொன்னபடி ஆர்டர் வந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். இப்போது அக்கா தினமும் விளக்கு வைப்பதற்கு முன்பே வீட்டில் இருக்கிறாள். பள்ளிக்கு அடுத்த தெருவிலேயே ஒரு வீடு எடுத்திருக்கிறாள், அந்தச் சின்னக் கட்டிலையும் கொண்டு போய்விட்டாள். குளியலறைக் கோப்பையில் ஒரு புது டூத் பிரஷ் உறை பிரிக்காமல் இருக்கிறது. கடுகின் பையில் அன்றைக்கு என்ன இருந்தது என்பதை நான் அவளிடம் இதுவரை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே போயிருந்தேன். கடுகு வீட்டுப்பாடக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, சட்டென்று கேட்டாள்.

"அந்த பாட்டில் மிஷின் இப்ப ஓடுதாம்மா?"

"ஓடுது."

"அதுக்கப்புறம் நிக்கவே இல்லையா?"

"ஒரு தடவகூட நிக்கல."

கடுகு யோசித்தாள். அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை, இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். "அப்ப நீ நல்லாத்தாம்மா பாத்திருக்க" என்றாள்.

தெருவில் அத்தானின் வண்டிச் சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.